சர்க்காரை நம்பாத மூன்று பெண்கள்

அமெரிக்காவில் ஒரு சிறு கட்சி இருக்கிறது. லிபர்ட்டேரியன் கட்சி என்று பெயர். தனி மனிதனின் சுதந்திரம்தான் அவர்களுடைய வேதம். ஆகவே சுதந்திரவாதிகள் என்று நாம் அழைக்கலாம். போலீஸ், நீதிமன்றம், எல்லைப் பாதுகாப்பு ஆகிய மூன்றைத் தவிர வேறெதிலும் சர்க்கார் கைவைக்கக் கூடாது என்பது அவர்களில் மிதமானவர்களின் கொள்கை. தீவிரமானவர்களுக்கு அந்த மூன்றும்கூட வேண்டாம். 1971 டிசம்பரில் தொடங்கிய கட்சி அது. 2016 தேர்தலில் சுமார் 45 லட்சம் வாக்குகள் வாங்கியதுதான் அதன் உச்சம். 2024ல் ஆறரை லட்சம். தேர்தல் கணக்கில் பார்த்தால் பூஜ்யத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆனால் அமெரிக்க அரசியலில் 'சர்க்கார்' என்ற சொல்லைக் கேட்டதும் பாதிப் பேருக்கு முகம் சுளிக்கிறதே, அந்தச் சுளிப்பில் இவர்களுக்குப் பெரும் பங்குண்டு.

நான் அரசியல் எழுதுகிறவன் அல்ல. கதை எழுதுகிறவன். இவர்களிடம் எனக்குச் சிரத்தை உண்டானதற்குக் காரணம் வேறு. இந்தக் கொள்கைக்குத் தாய்மார்கள் என்று அவர்களே கொண்டாடுகிற மூன்று பெண்மணிகளும் நாவலாசிரியைகள். ஒரே வருஷத்தில், 1943ல், மூவரும் ஆளுக்கொரு புத்தகம் வெளியிட்டார்கள். இஸபெல் பேட்டர்ஸன் 'யந்திரத்தின் கடவுள்' என்று பொருள்படும் ஒரு தத்துவ நூலை எழுதினார். ரோஸ் வைல்டர் லேன் 'சுதந்திரத்தைக் கண்டுபிடித்த கதை' என்ற மாதிரி ஒரு சரித்திர விசாரணை எழுதினார். மூன்றாமவர் ஐன் ராண்ட். 'பௌண்டன்ஹெட்' என்ற நாவல் அவருடையது. உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். ரூஸ்வெல்ட் சர்க்காரின் கை நீண்டுகொண்டே போன காலம். எல்லோரும் சர்க்காரை நம்பிக்கொண்டிருந்தபோது, நம்பமாட்டோம் என்று மூன்று பெண்கள் எழுதினார்கள். அந்தத் துணிச்சலுக்கு முதலில் ஒரு வணக்கம் போட்டுவிட்டுத்தான் விமர்சனத்தைத் தொடங்க வேண்டும்.

மூவரில் பேட்டர்ஸன் மூத்த விமர்சகர். கானடாவில் பிறந்தவர். பள்ளிக்கூடத்தில் அவர் உட்கார்ந்தது மொத்தம் இரண்டே வருஷம். நியூயார்க் ஹெரால்டு டிரிப்யூன் பத்திரிகையில் கால் நூற்றாண்டு காலம் புத்தகங்களைப் பற்றி எழுதி, பெரிய எழுத்தாளர்களையும் கிடுகிடுக்க வைத்தவர். பரோபகாரம் என்ற பெயரில் பிறர் வாழ்க்கையை நிர்வகிக்கக் கிளம்புகிறவன் கடைசியில் கொலைமேடைக்குத்தான் போய்ச் சேருவான் என்பது அவருடைய நூலின் கூரிய அத்தியாயம் ஒன்றின் சாரம். சொன்னபடி வாழ்ந்தும் காட்டினார். சர்க்காரின் முதியோர் ஓய்வூதியத்தை அவர் பெறவே இல்லை. அவரை மதிக்கிறேன். ஆனால் அவருடைய நாவல்களை அவருடைய பக்தர்களே இன்று படிப்பதில்லை. ஆகவே மற்ற இருவரிடம் போவோம்.

ஐன் ராண்டின் கோபம் எங்கிருந்து வந்தது என்பதை மறந்துவிட்டு அவரை மதிப்பிடுவது நியாயமாகாது. 1905ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பிறந்த யூதப் பெண் அவர். தந்தை மருந்துக்கடை வைத்திருந்தார். புரட்சிக்குப் பிறகு கடையைப் பறிமுதல் செய்துவிட்டார்கள். பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பெண் அதைக் கண்ணால் பார்த்தாள். 1926ல் அமெரிக்கா போய்ச் சேர்ந்தாள். தகப்பனின் கடைக்கதவில் ஒட்டிய அந்த முத்திரையைத்தான் அவர் கடைசி வரை எழுதிக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தோன்றுகிறது.

1957ல் வெளிவந்த 'அட்லஸ் ஷ்ரக்டு' அவருடைய பெரிய நாவல். ஆயிரம் பக்கங்களுக்கு மேல். தொழிலதிபர்களும் விஞ்ஞானிகளும் கலைஞர்களும் ஒருவர் பின் ஒருவராக வேலைநிறுத்தம் செய்து மறைந்துவிடுகிறார்கள். அவர்களைச் சுரண்டி வாழ்ந்த சர்க்காரும் சமூகமும் சரிந்து விழுகின்றன. இதுதான் கதை. இதில் ஒரு ரயில் சுரங்க அத்தியாயம் வருகிறது. நீண்ட மலைச்சுரங்கம். டீஸல் எஞ்சின் கிடைக்கவில்லை. நிலக்கரி எஞ்சினைச் சுரங்கத்துக்குள் விட்டால் புகையில் எல்லோரும் செத்துவிடுவார்கள் என்பது ரயில்வேக்காரர் அனைவருக்கும் தெரியும். ஆனால் வண்டியில் ஓர் அரசியல் பிரமுகர் இருக்கிறார். அவசரமாகப் போயாக வேண்டும் என்கிறார். 'வண்டியை விடு' என்று யாரும் உத்தரவிடுவதில்லை. 'தக்க நடவடிக்கை எடுக்கவும்' என்று மேலதிகாரி கீழதிகாரிக்கு எழுதுகிறார். கீழதிகாரி அதையே வேறு வார்த்தையில் தனக்குக் கீழே இருப்பவனுக்கு எழுதுகிறார். மாட்டேன் என்று ஒருவர் வேலையை உதறிவிட்டுப் போகிறார். கடைசியில் கையெழுத்து ஒரு விவரமறியாத இளைஞன் தலையில் விழுகிறது. பொறுப்பு என்ற ஒன்று காகிதத்தின் மேல் எப்படி நழுவி நழுவி இறங்குகிறது என்பதை இவ்வளவு கச்சிதமாக எழுதியவர்கள் குறைவு. தாலுகா ஆபீஸில் ஒரு மனுவுக்குப் பின்னால் அலைந்த எவனும் இந்தப் பக்கங்களைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவைத்து ஒரு நிமிஷம் யோசிப்பான்.

அதோடு விட்டிருந்தால் அது இலக்கியம். விடவில்லை. வண்டி சுரங்கத்துக்குள் நுழையும்போது ஆசிரியை ஒவ்வொரு பெட்டியாகப் போகிறார். இந்தப் பெட்டியில் இருக்கும் பேராசிரியர் இன்ன அபிப்பிராயம் கொண்டவர். அந்தப் பெட்டியில் இருக்கும் பத்திரிகைக்காரர் இன்னது எழுதினவர் என்று குற்றப்பட்டியல் வாசிக்கிறார். இரண்டு குழந்தைகளைப் படுக்கவைத்துப் போர்த்திவிடும் ஒரு தாயையும் விடவில்லை. அவள் கணவனுக்குச் சர்க்கார் உத்தியோகம், அது போதும். எல்லோரும் மூச்சு முட்டிச் சாகிறார்கள். அவர்கள் சாவுக்கு அவர்கள் எண்ணங்களே காரணம் என்று வாசகன் நினைக்க வேண்டுமாம்.

இங்கேதான் எனக்கு ராண்டிடம் தீராத சண்டை. தகப்பனின் கடையைப் பூட்டினவர்களும் இப்படித்தான் பட்டியல் வைத்திருந்தார்கள். இன்ன வர்க்கத்தைச் சேர்ந்தவன், ஆகவே இன்ன தண்டனை என்ற பட்டியல். அதைக் கண்டு ஓடிவந்தவர், அதே பட்டியலைத் தலைகீழாக எழுதி வைத்துக்கொண்டார். 1957லேயே, இடதுசாரிகளை அறவே பிடிக்காத 'நேஷனல் ரெவ்யூ' பத்திரிகையில் விட்டேக்கர் சேம்பர்ஸ் இந்த நாவலைக் கடுமையாகத் தாக்கினார். பழைய கம்யூனிஸ்டாக இருந்து மனம் மாறினவர் அவர். இந்தக் குரலின் சாயல் அவருக்குத் தெரியாமல் போகுமா?

ரோஸ் வைல்டர் லேனின் விஷயம் வேறு. அவர் பெயரில் வந்த நூல்களைவிட அவர் தாயார் லாரா இங்கல்ஸ் வைல்டர் பெயரில் வந்த நூல்களில்தான் அவருடைய கை அதிகம் பலித்திருக்கிறது. 1932லிருந்து வெளிவந்த 'லிட்டில் ஹவுஸ்' வரிசையைச் சொல்கிறேன். தாய் எழுதிய கைப்பிரதியை மகள் திருத்தி, சேர்த்து, வெட்டி, உருக்கொடுத்தார் என்பது ஆராய்ச்சியாளர்கள் கடிதங்களை வைத்து நிறுவிய உண்மை. எவ்வளவு தாய், எவ்வளவு மகள் என்பதில்தான் தகராறு.

அந்த வரிசையில் 1940ல் வந்த 'தி லாங் விண்டர்' என்ற நாவலை நான் சிறந்த நாவல்களில் ஒன்றாக மதிக்கிறேன். குழந்தைகளுக்காக எழுதப்பட்டது என்பதால் அதன் தரம் குறைந்துவிடாது. 1880, 81ன் பனிக்காலம். டகோடா பிரதேசத்தில் ஒரு சின்ன ஊர். ரயில் நின்றுவிட்டது. உணவு தீர்ந்துகொண்டே வருகிறது. வைக்கோலை முறுக்கி எரித்துக் குளிர் காய்கிறார்கள். காப்பி அரைக்கும் யந்திரத்தில் கோதுமையை அரைத்து ரொட்டி சுடுகிறார்கள். எங்கோ பல மைல் தள்ளி ஒரு குடியானவனிடம் கோதுமை இருப்பதாகக் கேள்வி. இரண்டு வாலிபர்கள் உயிரைப் பணயம் வைத்துப் போய், புஷல் ஒன்றேகால் டாலர் விலைக்கு வாங்கி வருகிறார்கள். பணம் போட்டவர் லாஃப்டஸ் என்ற கடைக்காரர். அவர் மூன்று டாலர் என்கிறார். ஊர் கொதிக்கிறது.

லாராவின் தகப்பனார் பேசுகிறார். பொருள் உன்னுடையது, என்ன விலை வேண்டுமானாலும் வைக்க உனக்கு உரிமை உண்டு என்று முதலில் ஒப்புக்கொள்கிறார். ஆனால் நாங்களும் சுதந்திரமானவர்கள்தான்; பனிக்காலம் ஒருநாள் முடியும்; அதற்குப் பிறகும் நீ இந்த ஊரில் கடை நடத்த வேண்டும் அல்லவா என்கிறார். அவ்வளவுதான். கடைக்காரர் வாங்கின விலைக்கே கொடுத்துவிடுகிறார்.

சுதந்திரவாதிகளின் கொள்கை முழுவதும் இந்த ஒரு காட்சியில் அடங்கிவிட்டது. போலீஸ் இல்லை, விலைக்கட்டுப்பாட்டுச் சட்டம் இல்லை. மனிதர்கள் முகத்துக்கு முகம் பார்த்துப் பேசித் தீர்த்துக்கொள்கிறார்கள். அறுபது பக்கங்களுக்கு ராண்டின் கதாநாயகன் ரேடியோவில் பேசியும் சொல்ல முடியாததை இந்தத் தகப்பனார் நாலு வாக்கியத்தில் சொல்லிவிடுகிறார். ஏன் முடிந்தது? இங்கே கடைக்காரரும் மனிதராக இருக்கிறார். அவருக்கும் வெட்கம் வருகிறது.

காட்சி அங்கே முடியவில்லை. விலை தீர்ந்தபின், யார் வீட்டில் எத்தனை பேர், யாருக்கு எவ்வளவு தேவை என்று கணக்குப் பார்த்து ஊரார் கோதுமையைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். பணமிருக்கிறவன் மூட்டையாக அள்ளிப் போகவில்லை. இதற்கு நம் ஊரில் என்ன பெயர்? ரேஷன்! யுத்த காலத்தில் சர்க்கார் தந்த ரேஷன் அட்டையை வாங்க மறுத்தவர் இந்த நாவலைச் செப்பனிட்ட லேன். கதையின் நியாயம் அவர் கையை மீறி அந்த வரிகளை எழுத வைத்துவிட்டது. நல்ல நாவலில் இப்படி நடக்கும். ஆசிரியரின் கொள்கைக்குப் பக்கத்திலேயே அதற்கு மறுப்பும் உட்கார்ந்திருக்கும். ராண்டின் நாவலில் அந்த மறுப்புக்கு இடமே கிடையாது.

ஆனால் லேனும் தாயாரும் செய்த ஒரு காரியத்தை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை. லாராவின் அக்காள் மேரி கண் பார்வை இழந்தவள். அவளை அயோவாவில் உள்ள பார்வையற்றோர் கலாசாலைக்கு அனுப்புவதற்காகக் குடும்பமே காசு காசாகச் சேர்க்கிறது. லாரா சட்டை தைத்தும் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லியும் சம்பாதிக்கிறாள் என்று நாவல்களில் வருகிறது. படிக்கிறவர்களுக்குக் கண்ணீர் வரும். உண்மையில் மேரியின் கலாசாலைச் சம்பளத்தைக் கட்டியது டகோடா பிரதேச சர்க்கார். குடும்பம் துணிமணிக்கும் பிரயாணத்துக்கும் பாடுபட்டது நிஜம்தான். ஆனால் சர்க்கார் கொடுத்த பணம் கதையில் எங்குமே இல்லை. அவர்கள் குடியேறிய 160 ஏக்கர் நிலமும் 1862ஆம் வருஷத்துச் சட்டத்தின் கீழ் சர்க்கார் கொடுத்ததுதான். அதற்கும் முன்பு கான்ஸாஸில் அவர்கள் வீடு கட்டிய இடம் ஓஸேஜ் என்ற பழங்குடி மக்களுக்குச் சொந்தமான நிலம். உரியவர்களை அங்கிருந்து அப்புறப்படுத்தியதும் அதே சர்க்கார்தான். பிற்காலத்தில் லாராவே சுமார் பத்து வருஷம் மிஸ்ஸூரியில், சர்க்கார் பணத்தை விவசாயிகளுக்குக் கடனாக வழங்கும் உள்ளூர்ச் சங்கத்தில் காரியதரிசியாக இருந்தார்.

இதையெல்லாம் குற்றம் கண்டுபிடிக்க வேண்டும் என்று சொல்லவில்லை. எனக்கே ஒரு கணக்கு உண்டு. என்னுடைய நாவல் ஒன்றில் ஒரு தாசில்தாரைப் பரம துஷ்டனாக எழுதினேன். வெள்ளத்தில் அழிந்த கிராமத்துக்கு வந்த நிவாரணத்தை அவன் விழுங்கிவிடுகிறான். வாசகர்கள் பாராட்டினார்கள். ஓய்வுபெற்ற கர்ணம் ஒருவரிடமிருந்து மட்டும் ஒரு கடிதம் வந்தது. 'ஐயா, தங்கள் கதையில் வரும் வெள்ளம் எங்கள் ஊர் வெள்ளம் என்று அறிகிறேன். அன்று இடுப்பளவு தண்ணீரில் அரிசி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு வந்த ரெவின்யூ இன்ஸ்பெக்டரைத் தாங்கள் ஏன் விட்டுவிட்டீர்கள்?' என்று கேட்டிருந்தார். அந்த இன்ஸ்பெக்டரை எனக்குத் தெரியும். குறிப்புப் புத்தகத்தில் எழுதியும் வைத்திருந்தேன். அவரைச் சேர்த்தால் கதையின் வேகம் குறையும் என்று அடித்துவிட்டேன். கர்ணத்துக்கு நான் இன்னும் பதில் எழுதவில்லை. மேரியின் சம்பளத்தை அடித்த கையை எனக்கு அடையாளம் தெரிவது இதனால்தான்.

நாவலில் அடித்த வரி அரசியலில் போய் முளைக்கும். லேனுக்குப் பிள்ளை இல்லை. ரோஜர் மெக்பிரைட் என்ற வக்கீலைப் பேரனாகப் பாவித்துச் சொத்தை அவருக்கு எழுதிவைத்தார். 1972ல் இந்த மெக்பிரைட் வர்ஜீனியாவின் தேர்வாளராக இருந்து, நிக்ஸனுக்குப் போட வேண்டிய வாக்கை லிபர்ட்டேரியன் வேட்பாளர்களுக்குப் போட்டார். அமெரிக்க சரித்திரத்தில் ஒரு பெண் பெற்ற முதல் தேர்வாளர் வாக்கு அதுதான். உபஜனாதிபதி வேட்பாளராக நின்ற டோனி நேத்தன் என்பவருக்குக் கிடைத்தது. 1976ல் மெக்பிரைடே அந்தக் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளர். 'லிட்டில் ஹவுஸ்' கதைகளைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்களில் அவரும் ஒருவர். ஒருவர் கை உதவியும் இல்லாமல் வாழ்ந்த குடும்பம் என்று லட்சக்கணக்கான அமெரிக்கர்கள் நம்பி வளர்ந்தார்கள்.

ராண்டின் பிள்ளைகள் இன்னும் உயரப் போனார்கள். அவருடைய வீட்டில் வாரந்தோறும் கூடிய இளைஞர்களில் ஒருவரான ஆலன் கிரீன்ஸ்பான் 1987 முதல் 2006 வரை அமெரிக்க மத்திய வங்கியின் தலைவராக இருந்தார். 2008 அக்டோபரில், பொருளாதாரம் நொறுங்கிக் கிடந்தபோது, தம் சித்தாந்தத்தில் ஒரு கோளாறு இருந்ததாகக் காங்கிரஸ் முன்பு ஒப்புக்கொண்டார். எண்பத்திரண்டு வயதில் அதைச் சொல்வதற்கும் ஒரு நேர்மை வேண்டும்.

இப்பொழுது சமீப காலத்துக்கு வருவோம். 2024 மே மாதம் லிபர்ட்டேரியன் மாநாட்டில் டொனால்டு டிரம்ப் பேசினார். என்னை ஆதரியுங்கள் என்றார். கூட்டத்தில் பெரும் கூச்சல், உரக்க ஆட்சேபித்தார்கள். அவர்கள் வெகுநாளாகக் கேட்டுவந்த ஒரு கைதியின் விடுதலையை வாக்களித்ததற்கு மட்டும் கைதட்டினார்கள். 2025 ஜனவரியில் ஜனாதிபதியானதும் அந்தக் கைதிக்கு மன்னிப்பு வழங்கினார். அதே ஜனவரியில் சர்க்கார் செலவைக் குறைப்பதற்கென்று ஓர் அமைப்பை ஏற்படுத்தி, அதை நடத்தும்படி ஈலான் மஸ்க் என்ற பெரும் தொழிலதிபரை உள்ளே கொண்டுவந்தார். ராண்டின் நாவலிலிருந்து எழுந்து வந்தவர் போல அவர் தோன்றியிருப்பார் சிலருக்கு. இலாகாக்கள் சுருங்கின; அயல்நாட்டு உதவி ஸ்தாபனம் ஜூலைக்குள் தனி ஸ்தாபனமாக இல்லாமலே போயிற்று. சுதந்திரவாதிகளில் ஒரு சாரார் மகிழ்ந்தார்கள்.

அதே வருஷம் ஏப்ரலில், 1977ஆம் வருஷத்து அவசரநிலைச் சட்டம் ஒன்றைக் காட்டி, காங்கிரஸைக் கேட்காமலே ஏறக்குறைய உலக நாடுகள் அனைத்தின் சரக்குக்கும் ஜனாதிபதி வரி போட்டார். ஜூனில் கலிபோர்னியா கவர்னரின் சம்மதமின்றி லாஸ் ஏஞ்சல்ஸுக்குத் தேசியக் காவல்படையை அனுப்பினார். வரியை எதிர்த்துச் சிறு வியாபாரிகள் சார்பில் முதலில் கோர்ட்டுக்குப் போனவர்களில் சுதந்திரவாத வக்கீல்களே முன்னணியில் இருந்தார்கள். மே மாதம் வர்த்தக நீதிமன்றமும், ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொல்லின. நவம்பரில் உச்ச நீதிமன்றம் வழக்கைக் கேட்டது. அந்த வக்கீல்கள் பேட்டர்ஸனின் உண்மையான வாரிசுகள் என்று சொல்வேன். சர்க்காரைச் சுருக்குகிறவர் என்பதற்காக ஒருவர் சர்க்காராகவே ஆகிவிடுவதை அவர்கள் ஒப்பவில்லை.

மகிழ்ந்த மற்றவர்கள் ஏன் தடுமாறினார்கள்? இதற்கு விடை எனக்கு அரசியல் நூல்களில் கிடைக்கவில்லை. 'பௌண்டன்ஹெட்' நாவலில் கிடைக்கிறது. கதாநாயகன் ஹவர்ட் ரோர்க் ஒரு கட்டிடக் கலைஞன். ஏழைகளுக்குச் சர்க்கார் கட்டும் குடியிருப்புக்குத் திட்டம் போட்டுத் தருகிறான். அதைச் சிற்சில இடங்களில் மாற்றிவிடுகிறார்கள். ராத்திரியில் போய் டைனமைட் வைத்துக் கட்டிடத்தைத் தகர்க்கிறான். கோர்ட்டில் ஒரு பிரசங்கம் செய்கிறான். ஜூரிகள் விடுதலை செய்கிறார்கள். அங்கே குடிவரக் காத்திருந்த குடும்பங்கள் என்ன ஆயின? நாவலில் அந்தக் கேள்வியைப் பெரிதாகக் கேட்கிறவர்கள் எல்லாம் வில்லன்கள், அல்லது வில்லனிடம் ஏமாந்தவர்கள்.

ராண்டுக்கு சர்க்கார் என்றால் குமாஸ்தாக் கூட்டம். அற்பர்களின் கூட்டு. அதற்கு எதிரி, ஒப்பற்ற தனி மனிதன். அந்தத் தனி மனிதனே நாற்காலியில் ஏறி உட்கார்ந்துவிட்டால் என்ன செய்வது என்று அவர் எழுதவில்லை. அவருடைய கற்பனையில் அதற்கு இடமில்லை. விதிகளை மீறுகிறவனை நேசிக்கும்படி மூன்று தலைமுறை வாசகர்களைப் பழக்கினார். விதி என்பது குமாஸ்தாவின் கைவிலங்கு என்று மட்டும் காட்டினார். பெரியவனுக்கும் சின்னவனுக்கும் இடையில் இருக்கும் ஒரே வேலி அதுதான் என்பதைக் காட்டவில்லை. கடைக்காரர் லாஃப்டஸைக் கட்டுப்படுத்த அண்டை வீட்டார் இருந்தார்கள். ரோர்க்கைக் கட்டுப்படுத்த ஒருவரும் இல்லை.

கடைசியாக ஒரு சம்பவம். 1943ல் லேன், முதியோர் ஓய்வூதியத் திட்டத்தைக் கண்டித்து, அது ஜெர்மனியில் பிஸ்மார்க் தொடங்கிவைத்த காரியம் என்ற கருத்தில், ரேடியோ விமர்சகர் ஒருவருக்குத் தபாலட்டை ஒன்று போட்டார். தபாலாபீஸில் யாரோ படித்துப் பார்த்துவிட்டு மேலே தெரிவித்தார்கள். சில நாளில் போலீஸ்காரர் ஒருவர் அவர் வீட்டுக்கு வந்து விசாரித்தார். தோட்டத்தில் களை பிடுங்கிக்கொண்டிருந்த அந்த ஐம்பத்தாறு வயது அம்மாள் நிமிர்ந்து நின்று, இது என்ன, ஹிட்லரின் ரகசியப் போலீஸா என்ற தோரணையில் அவரை வாங்கு வாங்கு என்று வாங்கிவிட்டார். நடந்ததை ஒரு துண்டுப்பிரசுரமாகவும் எழுதி வெளியிட்டார்.

அந்தத் துண்டுப்பிரசுரத்தில் கதாநாயகன் கிடையாது, டைனமைட் கிடையாது. ஒரு தபாலட்டை, ஒரு தோட்டம், தனக்கிட்ட வேலையைச் செய்ய வந்து சங்கடப்பட்ட ஒரு போலீஸ்காரர், பயப்படாத ஒரு கிழவி. சர்க்காரின் கை எங்கே நிற்க வேண்டும் என்பது எனக்கு அதில் விளங்குகிறது. மூவரும் எழுதிக் குவித்த ஆயிரக்கணக்கான பக்கங்களில் எதைக் காப்பாற்றுவாய் என்று என்னைக் கேட்டால், கோதுமை பங்கிட்ட அந்த அத்தியாயத்தையும் இந்தத் துண்டுப்பிரசுரத்தையும் எடுத்துவைத்துக்கொள்வேன். மேரியின் கலாசாலைச் சம்பளத்தையும் கதையில் சேர்த்திருந்தால் அந்த நாவல் வரிசை முழுவதையுமே எடுத்துக்கொண்டிருப்பேன்.

கர்ணத்துக்கு இந்த வாரம் பதில் எழுத வேண்டும்.